ஒன்பதாம் எண் கிணறும் கொடிக்கயிறும்

என் வீட்டுக்காரர் எதையும் கவனிக்காத மனிதர். இதைக் குறையாகச் சொல்லவில்லை. குறையாகச் சொன்ன காலமெல்லாம் போய்விட்டது. நான் முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டு வந்தபோது மூன்றாம் நாள், உடம்பு சரியில்லையா என்று கேட்டார். சமையலறைச் சுவருக்குக் கரும்பச்சை அடித்து ஒரு வாரம் ஆனபின், வெளிச்சம் குறைந்துவிட்டது, பல்பை மாற்றவேண்டும் என்றார். அப்பேர்ப்பட்டவரை நீர்வளத் துறை தேடிப்பிடித்து ஒரு வேலையில் வைத்தது. அந்த வேலைக்குப் பெயர் கவனிப்பாளர்.

எங்கள் ஆறு தெருக்களுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ரூமில் அவர் மோட்டார் போடுகிறவர். கவனிப்பாளர் என்பது அதோடு ஒட்டிக்கொண்டு வந்த வேலை. கடற்கரை நெடுக, நிலத்தடி நீரில் உப்பு ஏறுகிறதா என்று பார்ப்பதற்காகத் துறை பதினான்கு கிணறுகள் போட்டிருக்கிறது. ஒன்பதாம் எண் பம்ப் ரூம் வளாகத்தில் இருக்கிறது. கிணறு என்றதும் ராட்டினமும் வாளியும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தரையில் நட்ட ஒரு குழாய், ஒரு சாண் அகலம், மேலே பூட்டுப் போட்ட மூடி. எல்லா ஆழத்துத் தண்ணீரும் உள்ளே வரட்டும் என்று குழாயில் அடிவரைக்கும் துளை போட்டிருப்பார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை காலையில் அவர் அந்த மூடியைத் திறப்பார். கயிற்றின் ஒரு நுனியில் இரும்பு வளையம், மறுநுனியில் தக்கை அடைத்த குப்பி. வளையத்தைக் கொக்கியில் மாட்டிவிட்டு, கயிறு விறைக்கும்வரை குப்பியை இறக்க வேண்டும். அறுபது எண்ண வேண்டும். கயிற்றைச் சட்டென்று ஒரு சுண்டு சுண்டினால் தக்கை கழன்று குப்பி நிரம்பும். மேலே இழுத்து, தண்ணீரில் உப்பளக்கும் மீட்டரை முக்கி, வருகிற எண்ணை நோட்டில் எழுத வேண்டும். அறுநூறு, எழுநூறு என்றால் நல்ல தண்ணீர். மூவாயிரத்தைத் தாண்டினால் வாயில் வைக்க முடியாது. கடலை அப்படியே மொண்டு வைத்தால் ஐம்பதாயிரம்.

ஆழத்தை அளக்கத் தேவையே இல்லை. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஆபீஸிலேயே கயிற்றை அளந்து வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஒன்பதுக்குப் பதினெட்டு மீட்டர். கயிறு தீர்ந்த இடம்தான் அளக்கவேண்டிய இடம். கவனிப்பாளர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்த யாரோ ஒரு புத்திசாலி செய்த ஏற்பாடு அது. அந்தப் புத்திசாலிக்கு, கவனிப்பாளருக்கு வீட்டில் ஒரு பெண்டாட்டி இருப்பாள் என்பது மட்டும் தோன்றவில்லை.

அந்தக் கயிறு எங்கள் வீட்டுக்கு வந்த வாரம் என் பெண்களுக்கு வயது இருபது நாள். இரட்டைக் குழந்தைகள். ஒருத்தி நனைத்த துணியைக் காயப்போட்டுத் திரும்புவதற்குள் இன்னொருத்தி நனைத்திருப்பாள். கொல்லையில் கட்டியிருந்த கொடி பழசாகி அறுந்து, இருந்ததெல்லாம் பாதித் தூரத்துக்குத்தான் போதும். அவர் அந்தப் புதுக் கயிற்றைப் பெருமையாகக் கொண்டுவந்து காட்டிவிட்டு, மறுநாள் முதல் அளவு எடுக்கவேண்டும் என்று சொல்லி ஆணியில் மாட்டினார். நல்ல நைலான். வெயிலுக்கும் மழைக்கும் அசையாது. அவர் குளிக்கப் போன நேரத்தில் வளையத்தை அவிழ்த்து, மூன்று மீட்டரை வெட்டிக்கொண்டு, இருந்தபடியே முடிச்சுப் போட்டு வைத்துவிட்டேன். குப்பி தண்ணீரைத் தொட்டால் போதும்தானே என்று நினைத்தேன். தண்ணீர் எங்கே எடுத்தாலும் தண்ணீர்தான் என்பது அன்றைக்கு என் அபிப்பிராயம்.

அவர் கவனிக்கவில்லை. இதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

பதினோரு வருடம் ஓடிற்று. குப்பி இரண்டு தடவை மாறியது. தக்கை எத்தனை தடவை என்று கணக்கில்லை. கயிறு மட்டும் மாறவில்லை. அறுந்தால்தான் புதுக் கயிறு தருவார்கள். நல்ல கயிறாகப் போய் அது அறுந்து தொலைக்கவில்லை. ஒவ்வொரு அளவு நாளிலும் அவர் குப்பியோடு வீட்டுக்கு வருவார். மிச்சத் தண்ணீரை வாசலில் இருக்கும் செடிக்கு ஊற்றுவார். உள்ளே பார்த்து, "நம்ம ஒம்பது நல்லாருக்கு" என்பார். "கால கழுவிட்டு வாங்க" என்பேன் நான். கடற்கரை மணல் அவர் காலோடு வந்து வீடு பூராவும் உட்காரும். அவருக்குக் கிணறு பற்றிய கவலை, எனக்குத் தரை பற்றிய கவலை. இந்தப் பேச்சு இருநூற்று எண்பத்தாறு தடவை நடந்திருக்கிறது.

இதற்கிடையில் எட்டாம் எண் மூவாயிரத்தைத் தாண்டியது. பத்தாம் எண் ஐயாயிரம். ஒன்று முதல் பதினான்கு வரை எல்லாக் கிணறும் உப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒன்பது மட்டும் அறுநூற்று இருபதில் ஆணி அடித்த மாதிரி நின்றது. தானே ராத்திரியில் போய்ச் சர்க்கரை போட்டுவிட்டு வருகிற மாதிரி ஒரு நடை அவருக்கு வந்துவிட்டது.

அந்த அறுநூற்று இருபதைப் பார்க்கத்தான் ஆராய்ச்சிக்காரப் பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். முதுகில் பை, கழுத்தில் இன்னொரு பை. ஆபீஸில் பதினான்கு கிணற்று நோட்டுகளின் நகல்களையும் படித்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். கொல்லையில் கை கழுவப் போனபோது கொடிக்கயிற்றுக்குக் கீழே குனிந்துதான் போனாள். திரும்பி வரும்போதும் குனிந்தாள்.

டீ குடித்துக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டு எங்களவர் வாயைப் பிளந்துகொண்டிருந்தார். கடலும் நிலமும் சும்மா இருப்பதில்லையாம். நிலத்து நல்ல தண்ணீர் மணலுக்கு அடியிலேயே ஊர்ந்து போய்க் கடலுக்குள் கசிகிறது. கடல் தண்ணீர் அதற்கும் அடியில் நிலத்துக்குள் வருகிறது. அலை ஏறினால் ஒரு பக்கம், வடிந்தால் இன்னொரு பக்கம். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் கிண்ணம் மாற்றிக்கொள்வது போல ஓயாமல் நடக்கிறதாம். நல்ல தண்ணீர் எடை குறைவு, மேலே நிற்கும். உப்புத் தண்ணீர் கனம், கீழே ஆப்பு அடித்த மாதிரி கிடக்கும். நாம் மேலே அதிகமாக உறிஞ்சினால் கீழே இருப்பது ஏறும். எட்டும் பத்தும் கெட்டுப்போய் நடுவிலிருக்கும் ஒன்பது மட்டும் கெடவில்லை என்றால், அதற்கு அடியில் ஒரு பெரிய நல்லதண்ணீர் ஓட்டம் கடலைத் தள்ளிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். அப்படி ஒன்று அகப்படுவது அபூர்வமாம்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாயைக் கொடுத்தேன்.

"தண்ணி எங்க எடுத்தாலும் தண்ணிதானேம்மா?"

"இல்லக்கா. எந்த ஆழத்துல எடுக்கறோங்கறதுதான் எல்லாமே. பதினஞ்சு மீட்டர்ல குடிக்கலாம், பதினாறுல வாய்ல வைக்க முடியாது. அப்படிக்கூட இருக்கும்."

கொல்லைப் பக்கம் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். கொடியில் பெண்களின் பள்ளிக்கூடச் சட்டைகள் இரண்டும் ஆடிக்கொண்டிருந்தன.

அவளுடைய கருவிகள் வந்து சேர ஆறு வாரம் ஆகும் என்றாள். துறைப் பொறியாளருக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஒன்பதாம் எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே பதினெட்டு மீட்டரில், பெரிய போர்வெல் போட்டு இராப்பகலாக இறைத்து ஆறு தெருக்களுக்கும் கொடுப்பது என்று முடிவெடுத்து, நாலு வாரத்தில் தேதியும் குறித்துவிட்டார். அதே நாளில் என் வீட்டுக்காரருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம். கடற்கரையிலேயே நிலையான கிணற்றின் கவனிப்பாளர். அச்சடித்தாகிவிட்டது. அவர் சட்டை தைக்கக் கொடுத்தார்.

அங்கே இறைத்தால் என்ன ஆகும் என்று நான் ஆராய்ச்சிக்காரப் பெண்ணைப் பேச்சோடு பேச்சாகக் கேட்டுவைத்தேன். நல்ல தண்ணீர் என்றால் பயமில்லை என்றாள். ஒருவேளை அடியில் உப்பு இருந்தால், அந்த மோட்டார் அதை மேலே இழுத்துவிடும். ஆறு தெருவிலும் இருக்கிற வீட்டுக் கிணறு, அடிபம்பு எல்லாம் போகும் என்றாள். பிறகு சரியாகாதா என்று கேட்டேன். "ஏறுறது சீக்கிரம் ஏறிடும்க்கா. எறங்க நம்ம ஆயுசு பத்தாது" என்றாள்.

எனக்கு வாய் நீளம் என்று ஆறு தெருக்களுக்கும் தெரியும். அந்த வாய் நாலு நாள் திறக்கவில்லை. சொன்னால் ஆறு தெரு பிழைக்கும். ஆனால் அவருடைய பதினோரு வருடம் போய்விடும். வாழ்க்கையில் அந்த மனிதர் ஒழுங்காகக் கவனித்தது ஒன்றே ஒன்று. அதில் கத்தரிக்கோலை வைத்தது நான். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

ஐந்தாம் நாள் ஒரு யோசனை வந்தது. கொடியை அவிழ்த்தேன். மூன்று மீட்டரை, வளையத்துக்குக் கீழே, எடுத்த இடத்திலேயே சேர்த்துக் கட்டினேன். வரும் வியாழக்கிழமை குப்பி தானாகப் பதினெட்டுக்குப் போகும். உப்பு இருந்தால் மீட்டரே சொல்லிவிடும். கிணறு திடீரென்று கெட்டுவிட்டது என்று எழுதுவார், போர் நின்றுவிடும், நான் நல்லவளாகவே இருந்துவிடலாம். கட்டி முடித்துப் பார்த்தால் கயிறு பார்க்கச் சகிக்கவில்லை. தண்ணீரில் கிடந்தது பாசி நிறம், வெயிலில் கிடந்தது வெள்ளை வெளேர். நடுவில் ஒரு முடிச்சு. எவருக்கும் கண்ணை உறுத்தும். அவருக்கு உறுத்தாது என்ற நம்பிக்கையில் ஆணியில் மாட்டினேன்.

வியாழக்கிழமை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். குப்பியை எடுத்துக்கொண்டு செடிப் பக்கம் போனார். நின்றார். செடிக்கு ஊற்றவில்லை. சுற்றிக்கொண்டு போய்ச் சாக்கடையில் ஊற்றினார். பிறகு வாசலுக்கு வந்து, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நம்ம ஒம்பது நல்லாருக்கு."

நான் சொல்லாமலே போய்க் காலைக் கழுவிக்கொண்டார். சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோனார். அவர் மோட்டார் போடப் போனதும் குப்பியின் வாயில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தேன். உப்பு. துப்பவைக்கிற உப்பு. நோட்டைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. அதில் அறுநூற்று இருபது என்று எழுதியிருக்கும்.

எனக்கு முதலில் வந்தது கோபம். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று நம்பியிருந்தேன். சொல்லிவிட்டாரே என்று கோபம். பிறகு வெட்கம் வந்தது. பதினோரு வருடம் கயிறு தப்பாக இருந்தது, அவர் எழுதியதெல்லாம் உண்மை. கயிற்றை நான் சரிசெய்த அன்றைக்குத்தான் அந்தக் கை முதல்முறையாகப் பொய் எழுதியிருக்கிறது. அதுவும் என் வேலைதான்.

சாயங்காலம் பெண்கள் விளையாடப் போனபிறகு கயிற்றைக் கொண்டுவந்து அவர் மடியில் போட்டேன். இருபது நாள் குழந்தைகளில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். கத்தரிக்கோலைக்கூட எடுத்துக் காட்டினேன், அது எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அவர் முடிச்சை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"கயிறு நரைச்சிருக்குன்னு நெனச்சேன்" என்றார்.

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"மீட்டர் எவ்வளவு காட்டுச்சு?"

"நாலாயிரத்தி முந்நூத்திப் பத்து. குப்பிய மூணு தடவ கழுவிட்டு எடுத்தேன். மூணு தடவையும் அதேதான்."

"அப்பறம் ஏங்க அப்படி எழுதினீங்க? அந்தப் பத்திரத்துக்காகவா?"

அவர் கொல்லையைப் பார்த்தார். கொடி இல்லாத கொல்லை அன்றைக்குத்தான் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

"பத்திரம் கெடக்குது. வீட்டுக்கு வந்து உங்கிட்ட நல்லாருக்குன்னு சொல்லியே பழகிடுச்சு. இன்னைக்கு வேற மாதிரி சொல்ல வாய் வரல."

இருநூற்று எண்பத்தாறு தடவை அந்த மனிதர் எனக்கு நல்ல சேதி கொண்டுவந்திருக்கிறார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எழுந்துபோய் அடுப்பில் ஒன்றுமில்லாத பாத்திரத்தைக் கிளறினேன்.

மறுநாள் இருவரும் ஆபீஸுக்குப் போனோம். கயிறு என் காய்கறிப் பையில் இருந்தது, நோட்டு அவர் கையில். வழியெல்லாம் அவரிடம் ஒன்றையே சொல்லிக்கொண்டு போனேன்: நீங்கள் பேசவேண்டாம், வெட்டியது நான், நானே சொல்கிறேன், நேற்றைய எண்ணைப் பற்றி வாயே திறக்காதீர்கள், அதை எவன் பார்க்கப்போகிறான். சரி என்று தலையாட்டினார்.

பொறியாளர் அறையில் ஆராய்ச்சிக்காரப் பெண்ணும் இருந்தாள். பையைத் திறந்து கயிற்றை மேஜைமேல் வைத்தேன். பொறியாளர் அதைச் செத்த பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார். நான் சொல்லி முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, துறையின் கயிற்றைத் துணி காயப்போட எடுக்க எழுத்தில் அனுமதி வாங்கியிருந்தேனா என்பது. இல்லை என்றேன். குறித்துக்கொண்டார். பதினோரு வருட நோட்டும் குப்பை, இனி எதை நம்பிப் போர் போடுவது என்று தலையைப் பிடித்துக்கொண்டார்.

ஆராய்ச்சிக்காரப் பெண் மட்டும் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் வீட்டுக்காரரிடம் திரும்பினாள்.

"அண்ணா, வளையத்த ஒவ்வொரு தடவையும் கொக்கியிலதான் மாட்டுனீங்களா? கையில பிடிச்சு எறக்கினதே இல்லையா?"

"கொக்கியிலதாம்மா. கொக்கியில மாட்டணும்னுதானே சொல்லியிருக்கு."

"அப்ப இது குப்பை இல்ல சார்" என்று பொறியாளரிடம் சொன்னாள். பதினோரு வருடம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இம்மி பிசகாமல் பதினைந்து மீட்டரில் எடுத்த அளவு இது. மேலடுக்கில் நல்ல தண்ணீர் குறையாமல் நிற்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கீழே என்ன இருக்கிறது என்றுதான் நமக்குத் தெரியவில்லை. இப்படி ஒரே ஆழத்தைப் பிடித்துக்கொண்டிருந்த நோட்டு வேறெங்கும் கிடைக்காது. இருநூற்று எண்பத்தேழு அளவையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்றாள்.

எனக்கு மூச்சு வந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் எழவில்லை.

"இருநூத்தி எண்பத்தாறும்மா" என்றார். "கடைசி ஒண்ணு பொய். நான் எழுதினது."

அவர் நோட்டைப் பிரித்து, நேற்றைய வரியில் அறுநூற்று இருபதைக் கோடு போட்டு அடித்து, மேலே நாலாயிரத்து முந்நூற்றுப் பத்து என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். அடித்தது தெரிய வேண்டும் என்று ஒற்றைக் கோடாகத்தான் அடித்தார். அவர்மேல் எனக்கு அப்படி ஒரு மரியாதை வந்தது. அவ்வளவு கோபமும் வந்தது. எவன் பார்க்கப்போகிறான் என்று நான் வழியெல்லாம் சொன்னது, தலையாட்டிய அந்தக் காதில் விழவே இல்லை போலிருக்கிறது.

பிறகு நடந்ததெல்லாம் அலுவலக முறைப்படி நடந்தது. ஆராய்ச்சிக்காரப் பெண் அன்றே வந்து மீட்டருக்கு மீட்டர் குப்பியை இறக்கினாள். பதினைந்து வரை நல்ல தண்ணீர். பதினாறில் இரண்டாயிரம், பதினேழில் மூவாயிரத்துச் சொச்சம். போர் நின்றது. பதிலுக்கு, மேலடுக்கிலிருந்து மட்டும், நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இறைக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. ஆறு தெருக்காரர்களும் தண்ணீர் போதவில்லை என்று என் வீட்டுக்காரரைத்தான் திட்டுகிறார்கள். அவருக்கு இரண்டு மெமோ வந்தது, கயிற்றுக்கு ஒன்று, பொய்க்கு ஒன்று. பாராட்டுப் பத்திரத்தைப் பொறியாளர் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார். தைத்த சட்டையை எங்களவர் பம்ப் ரூமுக்குப் போட்டுக்கொண்டு போகிறார்.

ஒன்பதாம் எண்ணுக்கு இப்போது இரண்டு கயிறு. பழைய பதினைந்து மீட்டர், புதுப் பதினெட்டு மீட்டர். மூன்று மீட்டர் வெள்ளைக் கயிறு சாட்சிப் பொருளாக ஆபீஸ் கோப்பில் நூல் கட்டிக் கிடக்கிறது. எனக்கு வேறு கொடி அவரே வாங்கிவந்து கட்டினார். அரை மீட்டர் குறைவு. அவர் கவனிக்கவில்லை. நான் கிழிந்த துண்டைச் சேர்த்து ஒட்டுப்போட்டுக்கொண்டேன், எதையும் வெட்டவில்லை.

அடுத்த அளவு நாளில் இரண்டு குப்பியோடு வந்தார். ஒன்றைச் செடிக்கு ஊற்றினார். இன்னொன்றைச் சாக்கடையில் ஊற்றினார். வாசல்படியில் நின்றுகொண்டு, தொண்டையைச் செருமினார்.

"மேல நல்லாருக்கு. கீழ கொஞ்சம் கூடியிருக்கு."

"எவ்வளவு?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு மணற்காலோடு உள்ளே வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, நோட்டைப் பிரித்து, முதல் பக்கத்திலிருந்து காட்டத் தொடங்கினார்.